நாற்பத்தெட்டில் பதினேழு

அப்பாவை எடுத்த அன்று ராசு மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, தூக்குகிறவர்களுக்கும் கூட வருகிறவர்களுக்கும் பிராந்தி வாங்கி வைக்க வேண்டும், எல்லா வீட்டிலும் வழக்கம்தான் என்றார். அம்மாவின் தம்பி. அவர் சொன்னால் மறுப்பதில்லை. எத்தனை பேர் குடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆறு பாட்டில் வாங்கினேன். இரண்டு திறக்கப்பட்டன. நான்கு அப்படியே திரும்பி வந்தன. அவற்றைப் பரணில் ஏற்றி வைத்தேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆயிரம் பம்பு தயாரானால் எத்தனையைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதில் எத்தனை பழுதாக இருந்தால் மொத்தத்தையும் நிறுத்த வேண்டும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எல்லோரும் குடிப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆய்வு.

என் அப்பா ஆறுக்குட்டி இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். எழுபத்தோரு வருட வாழ்க்கையில் அவர் ஊர் பேசும்படியாகச் செய்தது ஒரே ஒரு காரியம். அது இதே தவறைப் பற்றியது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படும் பங்கு அல்ல.

அப்பா அன்னூர் பக்கத்துக்காரர். இருபத்தொன்பது வயதில் மலையேறி நீலகிரியில் கட்டபெட்டுக்கு வந்தார். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தனியார் ஃபேக்டரியில் இலை பார்க்கும் வேலை. வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுப்பார். மேசையில் பரப்புவார். நகத்தால் கிள்ளினால் சட்டென்று ஒடிவது தளிர். வளைந்து நார் விடுவது முற்றல். இரண்டையும் இரு குவியலாகப் பிரித்து எண்ணி, நூற்றுக்கு இத்தனை முற்றல் என்று சீட்டு எழுதுவார். அதை வைத்துத்தான் விலை. பத்தொன்பது வருடம் இதையே செய்தார். அவருடைய நகங்கள் எப்போதும் கறுப்பாக இருக்கும். தேநீர் ருசி பார்ப்பவர் லீவு போட்ட நாட்களில் அந்த வேலையையும் செய்வார். கரண்டியில் எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி உறிஞ்சித் துப்புவார். வீட்டிலும் அப்படித்தான் குடிப்பார், துப்பமாட்டார் என்பது மட்டும் வித்தியாசம். என் நண்பர்கள் வரும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

தொண்ணூற்றொன்பதில் தேயிலை விலை விழுந்தது. பறிகூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை. அந்தச் சமயத்தில் அப்பா தன் மேசையில் ஒன்றைக் கவனித்தார். நன்றாகப் பறிக்கிறவர்களும் முற்றலைக் கலக்க ஆரம்பித்தார்கள். கேட்டால், எல்லோரும் முற்றல்தானே போடுகிறார்கள், நான் மட்டும் தளிர் கிள்ளி என்ன ஆகப்போகிறது என்றார்கள். அப்பாவின் சீட்டுக் கட்டு வேறு சொன்னது. நூறு மூட்டையில் அறுபது அப்போதும் நல்ல இலைதான். ஆனால் தன் மூட்டையைத் தவிர வேறு மூட்டையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அப்பா அந்த அறுபதை ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டினார். சில வாரம் முற்றல் குறைந்தது. அதற்குள் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். ஃபேக்டரி கொடுத்த வீட்டையும் காலி செய்தோம்.

இரண்டாயிரம் ஜூனில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் ஆண்கள் விடுதியில் அப்பாவுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அதே மாதம் அதே கல்லூரியில் நான் புள்ளியியல் சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் கடைவீதியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். நான் விடுதியில், பதினான்காம் எண் அறையில், வசந்த்குமார் என்ற மேட்டுப்பாளையத்துப் பையனுடன் இருந்தேன். எழுத்தரின் மகன் என்பதால் வாடகை இல்லை.

எழுத்தரின் மகன் என்பதில் வேறொரு தொல்லை இருந்தது. நான் கோள் சொல்லுவேன் என்று எல்லோரும் நினைப்பார்கள் என்று நான் நினைத்தேன். சனிக்கிழமை என்றால் விடுதி முழுக்கக் குடிக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யார் சொல்லித் தெரிந்தது என்று தெரியாது. வராந்தாவில் சத்தம் கேட்கும். ஜன்னலுக்குக் கீழே பாட்டில் கிடக்கும். போதாதா? நான் ஒரு முறை குடித்துப் பார்த்தேன். வாந்தி எடுத்தேன். அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். காலி பிராந்தி பாட்டில் ஒன்றைக் கழுவி, அதில் பால் ஊற்றாத ஆறிய தேநீரை நிரப்பிக்கொண்டேன். நிறம் அச்சு அசல். சனிக்கிழமை சாயங்காலம் கட்டிலில் சாய்ந்து, மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்து, முகத்தைச் சுளிப்பேன். எதிர்க் கட்டிலில் வசந்த்குமார் தன் பாட்டிலைக் குடித்து அவன் பங்குக்கு முகத்தைச் சுளிப்பான். பாட்டில் மாறிவிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று என் பாட்டிலின் கழுத்தில் பச்சை நூல் கட்டியிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. தேநீரைக் குடித்துவிட்டுத் தள்ளாடி நடக்கப் பழகியவன் நீலகிரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நம்பினேன்.

இரண்டாயிரத்து ஒன்று செப்டம்பரில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் குடித்துவிட்டு விடுதியின் தடுப்புச் சுவரிலிருந்து கீழே தேயிலைத் தோட்டத்தில் விழுந்தான். செடிகள் தாங்கியதால் கால் முறிவோடு பிழைத்தான். கல்லூரியின் செயலாளர் பாலசுப்பிரமணியம் மறுநாளே வந்தார். குடிகாரர்களுக்கு விடுதி எதற்கு, பருவத் தேர்வோடு மூடிவிடுகிறேன் என்றார்.

கால் முறிந்து வீட்டுக்குப் போனவனைத் தவிர விடுதியில் நாற்பத்தெட்டுப் பேர். பெரும்பாலானவர்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்த வருடம் ஊருக்குள் தனி அறை எடுத்துத் தங்க அவர்களால் முடியாது. விடுதி போனால் படிப்பு போகும். என் படிப்பும்தான். அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது கதவும் மூடும்.

அப்பா செயலாளரிடம் பத்து நாள் தவணை கேட்டார். எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்கிறேன் என்றார். செயலாளர் சிரித்தார். வார்டன் ஆறுமுகசாமியும் சிரித்தார். அவர் பொருளாதாரம் கற்பிப்பவர், நல்ல மனிதர், ஆனால் தினமும் ஐந்து மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவார். தவணை கிடைத்தது.

திங்கட்கிழமை காலை அப்பா கீழ்த் தோட்டத்தில் சொல்லி ஒரு கூடை இலை பறித்து வந்தார். ஆளுக்கு இரண்டு இலை கொடுத்தார். ஒன்று தளிர், ஒன்று முற்றல். ஸ்டோர் ரூமில் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த துணிப்பை ஒன்று தொங்கியது. ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். போன சனிக்கிழமை குடிக்கவில்லை என்றால் தளிரைப் பையில் போட வேண்டும். குடித்திருந்தால் முற்றல். மீதி இலையைக் கையோடு கொண்டு போய்க் கசக்கி எறிந்துவிட வேண்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில், நாற்பத்தெட்டில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்று பேர் போடாமல் எழுதிப் போட வேண்டும்.

நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். யாரும் இல்லை. யாருக்கும் தெரியாது. போன சனிக்கிழமை நான் குடித்தது முக்கால் பாட்டில் மெஸ் தேநீர். முற்றலைப் போட்டேன். ஒரு துணிப்பையிடம்கூட ஆம்பளையாகக் காட்டிக்கொண்டவன் நான். சீட்டில் நாற்பத்தைந்து என்று எழுதினேன்.

அப்பா இலைகளை மேசையில் பரப்பி, கிள்ளிப் பார்த்துப் பிரித்தார். கிள்ளத் தேவையே இல்லை, பழக்கம். முற்றல் பதினேழு. தளிர் முப்பத்தொன்று. சீட்டுகளின் சராசரியை என்னைத்தான் போடச் சொன்னார். முப்பத்தொன்பது வந்தது. அதாவது, குடித்ததாக இலை போட்டவர்கள் பதினேழு பேர். குடித்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்தது முப்பத்தொன்பது பேர்.

அன்று மத்தியானம் மெஸ் கரும்பலகையில் அப்பா எழுதினார்: "போன சனிக்கிழமை நம் விடுதியில் 48 பேரில் 31 பேர் குடிக்கவில்லை." அதற்குக் கீழே அறிவுரை ஏதும் இல்லை. குடி குடியைக் கெடுக்கும் என்றுகூட இல்லை. சாம்பார் ஊற்றும் இடத்துக்கு நேர் எதிரே பலகை. பையன்கள் சிரித்தார்கள். யாரோ 31-இல் ஒன்றை அழித்து மூன்று பேர் என்று ஆக்கினார்கள். அப்பா மறுநாள் திரும்ப எழுதினார். திரும்ப அழித்தார்கள். திரும்ப எழுதினார். நான்காம் நாள் யாரும் அழிக்கவில்லை.

நான் அப்பாவிடம் போய், இது அறிவியல்பூர்வமானது அல்ல, பையன்கள் பொய் சொல்லியிருக்கலாம், சுய அறிவிப்பில் சார்பு இருக்கும் என்று விளக்கினேன். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு அந்த வார்த்தைகள் புதிது. அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"பொய் சொல்லியிருப்பாங்கதான்" என்றார். "எந்தப் பக்கம் சொல்லியிருப்பாங்கன்னு உங்க பொஸ்தகத்துல போட்டிருக்குதா கண்ணு?"

நான் பேச்சை மாற்றினேன்.

மெஸ்ஸில் சமைத்த தெய்வம்மா சிலோனிலிருந்து திரும்பி வந்த எஸ்டேட் குடும்பம். அந்த வாரத்தில் ஒரு நாள் அவர் அப்பாவிடம், சனிக்கிழமை மட்டும் பையன்கள் பிளேன்டீ கேட்டு ஜாடியோடு வருவது ஏன், மற்ற நாளெல்லாம் பால் போதவில்லை என்று சண்டை போடுகிறார்களே என்று கேட்டிருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பயத்தில் யாரும் பாட்டிலை எடுக்கவில்லை. தவணை முடிந்த ஞாயிறு காலை மெஸ்ஸில் கூட்டம். செயலாளர் அதற்கு முன்பே வாட்ச்மேனை விட்டு, ஜன்னலுக்குக் கீழும் அறைகளிலும் கிடந்த பாட்டில்களையெல்லாம் பொறுக்கச் சொல்லியிருந்தார். மேசையில் இருபத்து மூன்று பாட்டில்கள். மூன்றாவது பாட்டிலின் கழுத்தில் பச்சை நூல். என் டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில் இருந்தது எப்படி மேசைக்கு வந்தது என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

செயலாளர் நாற்பத்தெட்டுப் பேரையும் பார்த்தார். எழுத்தர் பதினேழு என்கிறார், இங்கே இருபத்து மூன்று இருக்கிறது, இலையை நம்புவதா பாட்டிலை நம்புவதா என்று கேட்டார்.

அப்பா அனுமதி கேட்டு மேசைக்குப் போனார். தெய்வம்மாவிடம் வெள்ளைக் கிண்ணம் ஒன்று வாங்கினார். ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து முகர்ந்தார். பெரும்பாலானவற்றை அப்படியே இடப்பக்கம் வைத்தார். ஒரு பாட்டிலில் நிறுத்தி, மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியில் எடுத்து, அந்தப் பழைய சத்தத்தோடு உறிஞ்சினார். செயலாளர் பதறி எழுந்துவிட்டார். கல்லூரிக் கூட்டத்தில் எழுத்தர் குடிக்கிறார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்பா வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். அந்தப் பாட்டிலை வலப்பக்கம் வைத்தார். இப்படியே இருபத்து மூன்றும் முடிந்தது. இடது பக்கம் பதினான்கு. வலது பக்கம் ஒன்பது.

"இது ஒம்போதும் பிராந்தி இல்லீங்க" என்றார் அப்பா. "நம்ம மெஸ் டீத்தூளுங்க. ஒரு வாரப் பழசு."

செயலாளர் ஒன்றைத் தானே முகர்ந்து பார்த்தார். பிராந்தி பாட்டிலில் டீயை ஊற்றிக் குடிக்கிற முட்டாள் யார் என்று கேட்டார். மெஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்: "இவங்க குடிகாரங்க இல்லீங்க. பக்கத்து ரூம்காரன் குடிகாரன்னு நெனச்சுட்டு இருக்கறவங்க. இது யாருதுன்னு அவங்களே சொன்னாங்கன்னா நல்லாருக்கும்."

யாரும் எழவில்லை. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சொல்ல ஆளில்லை என்றால் தன் முடிவில் மாற்றமில்லை என்றார். நான் எழ வேண்டிய நேரம் அது. எனக்குத் தெரியும். எழுந்தால் விடுதி தப்பிக்கலாம். அப்பாவின் வேலை தப்பிக்கலாம். ஆனால் எதிர்க் கட்டில் வசந்த்குமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு வருடமாக அவனுக்குச் சமமாக முகம் சுளித்தவன் நான். அவன் முன்னால் எழுந்து, நான் டீ குடித்தேன் என்று எப்படிச் சொல்வது? கால் முறிந்தவன்மேல்கூட அந்த நேரத்தில் எனக்குப் பொறாமை. அவன் உண்மையாகவே குடித்தான்.

பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. எழுந்தவன் வசந்த்குமார்.

"அதுல ஒண்ணு என்னுதுங்க சார். டீதானுங்க" என்றான்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் சிரிக்கவில்லை. ஒரு வருடம் இரண்டு பேர் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் ஏமாற்ற ஆறிய தேநீரைக் குடித்திருக்கிறோம். அதற்காகத் தனித்தனியாக ஜாடி கழுவியிருக்கிறோம்.

இரண்டாவதாக எழுந்தவன் பாண்டியராஜ். எஸ்டேட் லைன் வீட்டுப் பையன், அதிகம் பேசமாட்டான். அவன் இடப்பக்கத்தைக் காட்டினான்.

"என்னுது நெசமான பிராந்திங்க சார். எல்லாரும் குடிக்கிறாங்கன்னு நெனச்சேன். கூட்டத்தோட சேரணும்னுதான் குடிச்சேன்." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப நாங்க கொஞ்ச பேர்தானா?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதாக முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்தான். டீ. நான்காவதாக நான் எழுந்தேன். பச்சை நூல் என்னுடையது என்றேன். உண்மையைச் சொல்வதற்குக்கூட எனக்கு முன்னால் மூன்று பேர் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பிறகு நான்கு பேர் எழுந்தார்கள். நான்குமே டீ. டீ பாட்டில் ஒன்பதில் ஏழுக்குத்தான் ஆள் கிடைத்தது. இரண்டு பாட்டில்களுக்கு இன்றுவரை உரிமையாளர் இல்லை.

செயலாளர் பாண்டியராஜை வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம், மாதா மாதம் எண்ணிச் சொல்லுங்கள், விடுதி மார்ச் வரை இருக்கட்டும் என்றார். மார்ச்சில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. விடுதி இருந்தது. நாங்கள் நாற்பத்தெட்டுப் பேரும் தேர்வு எழுதினோம், பாண்டியராஜ் உட்பட. பலகையில் எண் மாறிக்கொண்டே வந்தது. குடித்தவர்கள் பதினேழு, பதினொன்று, எட்டு, பிறகு பத்து. பத்தானபோது அப்பா பத்து என்றே கணக்கிட்டு எழுதினார். செயலாளர் சதவீதத்தில் எழுதச் சொன்னதற்கு, நூறு பேர் இருந்தாத்தானுங்க நூத்துக்கு இத்தனைன்னு எழுதறது என்று சொல்லிவிட்டார்.

ஒரு தொழில்நுட்பக்காரனாக இதையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் யார் கையிலும் காசு இல்லை. குடி குறைந்தது பலகையாலா, இலை விலையாலா என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விடுதி இல்லை. முதல் மாதப் பதினேழில் குறைந்தது ஒன்று பொய் முற்றல். அதற்கு நானே சாட்சி.

அப்பா அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு கடைவீதியில் நடந்தார், பேப்பர் படித்தார், டீக்கடைகளில் தூளின் தரம் பற்றி யாரும் கேட்காமலே கருத்துச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் மார்பு வலி. குன்னூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் பழுது விகிதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் அம்மா பரணில் ஏதோ எடுக்கப் போய் அந்த நான்கு பாட்டில்களைப் பார்த்துவிட்டாள். கீழே இறக்கி வைத்து, ஒன்றின் கழுத்தைத் தடவினாள்.

"இதுல நூல் கட்டலையா கண்ணு?" என்றாள்.

அம்மாவுக்கு நூல் விஷயம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பச்சை நூல் பாட்டிலை வாட்ச்மேன் எடுக்கவில்லை. என் பெட்டியிலிருந்து எடுத்தது அப்பாதான்.

"கூட்டத்துக்கு மொத நாளே எடுத்து ருசி பாத்துட்டாரு" என்றாள் அம்மா. "அதுக்கு முன்னால ஒரு வாரமா மனுசன் சரியாச் சோறு உங்கலை. டீத்தண்ணின்னு தெரிஞ்சதும் அன்னிக்குத்தான் நல்லா உண்டாரு. காலைல பாட்டலைப் பையில போட்டுட்டுப் போகையில, வேலாமணின்னு என்னையக் கூப்பிட்டு, என்ற பையன் மொதல்ல எந்திரிப்பான், அவனப் பாத்து மத்த பசங்க எந்திரிப்பாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எந்திரிச்சான்னாரு."

"நாலாவதான்னு சொல்லலையா?"

"அதெல்லாம் சொல்லலை. எந்திரிச்சான்னாரு. அவ்வளவுதான்."

இருபத்திரண்டு வருடம் அவர் அதை என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா பாட்டில்களைத் திரும்ப என் கையில் கொடுத்து, மேலே வைக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி நான்கையும் பரணில் வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் ராசு மாமா வந்தார். வாசலில் பந்தல்காரரும் உறவில் ஏழு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கும் கொஞ்சம் வாங்கி வைத்துவிடு, வழக்கம்தானே என்றார். இன்றும் கம்பெனி விருந்துகளில் கோலா கிளாஸை ரம் கிளாஸ் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான். இந்த முறை எனக்கு முன்னால் யாரும் எழவில்லை.

"எனக்குக் குடிக்கற பழக்கம் இல்லைங்க மாமா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எப்பவுமே இருந்ததில்லை. உங்கள்ல யாருக்கு வேணும்னு சொல்லுங்க. அவங்களுக்கு மட்டும் பரண்ல இருந்து எடுத்துத் தர்றேன்."

பந்தல்காரர் தனக்கு வேண்டாம், மற்றவர்கள் கேட்பார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவரும் அதையே சொன்னார். கடைசியில் ராசு மாமா தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு அல்சர் மாப்ள. தொட்டுப் பத்து வருசமாச்சு."

"அப்புறம் ஏனுங்க மாமா வாங்கச் சொன்னீங்க?"

"எல்லாருக்கும் வேணுமேன்னுதான்" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து, டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்று தூக்கிய கைகளை எண்ணினேன். ஒன்பதில் ஒன்பது.